வீட்டுக்காரர் வெளிநாட்டுல, கைல சின்னப் பிள்ளைங்க: வீட்டை எப்படி ஓட்டுறது

மேலூர், ஒத்தக்கடை, திருமங்கலம்னு நம்ம மதுரைப் பக்கம் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் துபாய், சவுதி, சிங்கப்பூர்னு ஆம்பள போயிருக்குற வீடு நாலஞ்சு இருக்கும். பொண்டாட்டி நர்ஸா குவைத் போயி புருஷன் பிள்ளையப் பாத்துக்குற வீடும் இப்ப இருக்கு, அவங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும். கிளம்புற அன்னைக்கு வர்றவங்க எல்லாம் சொல்றது ஒண்ணுதான், "இனிமே பிள்ளைகளுக்கு அப்பாவும் நீதாம்மா, அம்மாவும் நீதாம்மா". தயவுசெஞ்சு இத காதுல வாங்காதீங்க. ரெண்டு பேரு வேலைய ஒருத்தர் பாக்கணும்னு நின்னா ஆறு மாசத்துல நம்ம படுத்துருவோம், அந்த மனுசனும் சொந்த வீட்டுக்கே விருந்தாளி ஆயிருவாரு. என்னைக் கேட்டா செய்ய வேண்டியது ரெண்டுதான். ஒத்த ஆளால ஓட்ட முடியிற அளவுக்கு வீட்டு வேலையச் சுருக்குறது, அப்பா வேலையில ஒண்ணு ரெண்ட அவரு அங்க இருந்தே பாக்குற மாதிரி அவருகிட்டயே விட்டு வைக்கிறது.

அவரு கிளம்புறதுக்கு முன்னாடி

பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி போன் நம்பர் வேலைய முடிங்க. கேஸ் புக்கிங், ஈபி, ரேஷன் கார்டு, பிள்ளையோட ஆதார், ஸ்கூல் ஆப், பேங்க் எல்லாத்துலயும் அவரு நம்பர்தான் இருக்கும், அவரு பிளைட் ஏறுனதும் ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குப் போயி நிக்கும், அவரு டியூட்டில இருப்பாரு, இங்க ரேஷன் கடையில நமக்குப் பின்னாடி நிக்குறவங்க முறைச்சுக்கிட்டு இருப்பாங்க. மாத்த முடியிறத எல்லாம் உங்க நம்பருக்கு மாத்திருங்க. மாத்த முடியாததுக்கு அவரு ஊரு சிம்ம ஒரு பழைய போன்ல போட்டு வீட்டுல வச்சுக்கிட்டு ரீசார்ஜ் மட்டும் விடாம பண்ணுங்க. வீட்டுச் செலவுக்கு உங்க பேருல தனியா ஒரு அக்கவுண்ட் இருக்கட்டும், மாசம் பொறந்தா இந்தத் தேதிக்குள்ள இவ்வளவு வரும்னு அவருகிட்ட முன்னாடியே பேசி முடிச்சுருங்க. ஏஜென்ட்டுக்கு வாங்குன கடனுக்கும் நகைக்கடன் வட்டிக்கும் எது முதல்ல போகும்னு அதுலயே பேசிக்கிருங்க, இல்லன்னா ஒவ்வொரு கால்லயும் பணப் பேச்சுதான் ஓடும், பிள்ளைங்க போன வாங்கிப் பேச நேரமே இருக்காது.

பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்குற எண்ணம் இருந்தா அவரு இருக்குறப்பவே எடுத்துருங்க. அம்மா அப்பா ரெண்டு பேரு சம்மதக் கையெழுத்தும் கேப்பாங்க, அவரு போனப்புறம்னா அங்க எம்பசியில அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அதுக்கு அவரு ஒருநாள் சம்பளத்த விட்டுட்டு அலையணும். ஆதார்ல பிள்ளைக்கு 5 வயசு முடிஞ்சதும் கைரேகை புதுசா வைக்கணும், அத நீங்களே கூட்டிட்டுப் போயி பண்ணிக்கலாம். இடம், வீடு சம்பந்தமா உங்களுக்கு பவர் எழுதிக் குடுக்குறதா இருந்தா அதையும் இங்கயே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுட்டுப் போறது சுளுவு, வெளிநாட்டுல எழுதி அனுப்புனா அது இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் பண்ணணும்னு ஒரு வேலை சேரும்.

இன்னொண்ணு, இதப் பேச நம்மாளுங்களுக்கு நாக்கு வராது. ஈசிஆர் பாஸ்போர்ட்டுல, அதாவது வளைகுடா மாதிரி நாட்டுக்கு வேலைக்குப் போக அரசு கிளியரன்ஸ் வாங்கணும்ங்கிற பாஸ்போர்ட்டுல, போறவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு இன்சூரன்ஸ் கட்டாயம், விபத்துல ஏதும் ஆனா 10 லட்சம் வரைக்கும் உண்டு. அந்த பாலிசி காப்பி, பாஸ்போர்ட் காப்பி, விசா, கம்பெனி பேரு, கூட ரூம்ல இருக்குற ஒருத்தரோட நம்பர், இதெல்லாம் ஒரு கவர்ல போட்டு பீரோல வைங்க. அவரு போன் ரெண்டு நாளு எடுக்கலன்னா அந்த ரூம்மேட் நம்பர் ஒண்ணுதான் உங்களத் தூங்க வைக்கும்.

பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது

தூங்க வச்சுட்டு நைசா கிளம்புறது நம்ம ஊரு வழக்கம், பிள்ளை ஏர்போர்ட்ல அழும்னு. பிள்ளை அன்னைக்கு அழாதுதான், ஆனா காலைல எந்திரிச்சு ஆளக் காணோம்னா அதுக்கப்புறம் நீங்க பாத்ரூம் போனாக்கூட கதவத் தட்டும், தூங்குனா அம்மாவும் போயிருவாங்கன்னு கண்ண மூடவே பயப்படும். அழட்டும், பரவாயில்ல. ஒரு வாரத்துக்கு முன்னாடியே அவரு வாயாலயே சொல்லச் சொல்லுங்க, அப்பா வேலைக்கு ஏரோப்ளேன்ல போறேன், அங்க தூங்குவேன், தினமும் போன்ல வருவேன், அப்புறம் வந்துருவேன்னு. ஒரு மாசத்துக்கு மேலயே முன்னாடி சொல்லிட்டாலும் கஷ்டம், மூணு வயசுப் பிள்ளை தினமும் "இன்னைக்கா?"ன்னு கேட்டே உயிர வாங்கும்.

எப்ப வருவாருன்னு கேட்டா ரெண்டு வருசம், பதினெட்டு மாசம்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. பொங்கல் வரும், அப்புறம் அழகர் ஆத்துல இறங்குவாரு, அப்புறம் ஸ்கூல் தொறக்கும், அப்புறம் தீபாவளி, அதுக்கப்புறம் அப்பா வருவாங்கன்னு சொன்னா பிள்ளைக்குப் பிடிபடும். ஆனா லீவு கன்ஃபார்ம் ஆகாம "அடுத்த மாசம் வந்துருவாங்க"ன்னு ஆறுதலுக்குச் சொல்லவே சொல்லாதீங்க, பெரியவங்க மறந்துருவோம், பிள்ளைங்க மறக்காது.

போன்ல அப்பா

முதல்ல நேரக் கணக்கு. துபாய், அபுதாபி, ஓமன் எல்லாம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சவுதி, கத்தார், குவைத் ரெண்டரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் ரெண்டரை மணி முன்னாடி. சவுதில இருக்குறவரு ஆறு மணிக்கு வேலை முடிச்சு பஸ்ல கேம்ப் போயி குளிச்சு உக்காரும்போது இங்க மணி ஒன்பதரை பத்து, பிள்ளை தூங்கியிருக்கும், தூங்காம முழிச்சிருந்தா காலைல ஸ்கூலுக்கு எந்திரிக்காது. அதுனால ராத்திரி கால்தான்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. சைட் வேலை பாக்குறவங்க அங்க நாலரை அஞ்சுக்கெல்லாம் எந்திரிச்சுருவாங்க, துபாய்ல அஞ்சரைன்னா இங்க ஏழு, பிள்ளை பல்லு விளக்குற நேரம், போன கண்ணாடி பக்கத்துல சாத்தி வச்சா அப்பாவும் மகளும் சேந்தே பல்லு விளக்கலாம். வெயில் காலத்துல இன்னொரு நேரம் கிடைக்கும். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் அமீரகத்துல வெளிவேலைக்காரங்களுக்கு பகல் பன்னெண்டரைல இருந்து மூணு வரைக்கும் கட்டாய ஓய்வு, சவுதிலயும் அந்த மூணு மாசம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் உண்டு. நம்ம டைம்ல அது ரெண்டு, ரெண்டரைக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் போகும், பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து யூனிபார்ம் கழட்டுற நேரம் அதுக்குள்ள வந்துரும். அவரு ரொம்ப அசந்திருந்தா விட்டுருங்க, பாவம், அந்த வெயில்ல நின்னுட்டு வந்திருப்பாரு.

துபாய்னா வாட்ஸப் கால் போகாதுன்னு எல்லாருக்கும் தெரியும், போட்டிம் மாதிரி ஆப் கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு போன்லயும் ஏத்தி வச்சுக்கிருங்க. கால் போகாத நாளைக்கு வாய்ஸ் மெசேஜ் இருக்கு, அவரு ராத்திரி ஓய்வா இருக்கப்ப ஒரு சின்னக் கதைய பேசி அனுப்பிட்டா மறுநாள் நீங்க படுக்கப் போட்டு விட்டுக்கலாம். நரியும் காக்காயும் கதைதான், அப்பா சொன்னா அதுக்கு மவுசே வேற.

பிள்ளை போன்ல உக்காந்து பேசாது. "சாப்டியா, ஸ்கூல் போனியா, அப்பா மேல பாசம் இருக்கா" இந்த மூணு கேள்விக்கு மேல அதுக்கும் பதில் இல்ல அவருக்கும் கேள்வி இல்ல, ரெண்டாவது நிமிசம் பிள்ளை ஓடிரும், அவரு முகம் விழுந்து போகும், நம்ம பிள்ளைய இழுத்து வச்சுப் பேசச் சொல்லுவோம், அது கத்தும். அதுனாலதான் அவருக்கு ஒரு வேலை குடுங்கன்னு சொல்றேன். வாய்ப்பாடு ஒப்பிக்கிறது அப்பாகிட்ட மட்டும்தான். இல்ல ஆத்திசூடி. ஸ்கூல்ல டூர் போகட்டுமா, சைக்கிள் வாங்கலாமா, முடி வெட்டலாமா, இந்த மாதிரி நாலு விசயம் அப்பாதான் சரி, வேணாம் சொல்லணும், நீங்க அதுல முந்திக்காதீங்க, அவசரமா இருந்தாலும் ஒருநாள் தள்ளிப்போகட்டும். உடைஞ்ச பொம்மைய கேமரால காட்டி இத எப்படிப்பா ஒட்டணும்னு கேக்கட்டும். பேசலன்னாலும் போன ஒரு டம்ளர்ல சாச்சு வச்சுட்டு பிள்ளை விளையாடுறத அவரு பாத்துக்கிட்டு இருக்கட்டும், அதுவும் பேச்சுதான்.

"இரு, அப்பாகிட்ட சொல்றேன்" மட்டும் வேணாம். போன் அடிச்சாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கும். சேட்டை பண்ணா அங்கயே அப்பவே நீங்க கண்டிச்சு முடிச்சுருங்க. அவருகிட்ட சொல்ல வேண்டியது இருந்தா பிள்ளை தூங்குனப்புறம் சொல்லுங்க, எட்ட இருக்குறவரு போன்ல கத்துறதத் தவிர ஒண்ணும் செய்ய முடியாது, கத்துன குற்ற உணர்ச்சில அடுத்து ஊருக்கு வர்ற ஆள்கிட்ட பெரிய பொம்மையா குடுத்து விடுவாரு.

சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒன்பது

ஒத்த ஆளா பாக்குறவங்களுக்கு நாளுல மோசமான நேரம் இதுதான், சின்னது தூக்கக் கலக்கத்துல நைநைங்கும், பெரியதுக்கு ஹோம்வொர்க், அடுப்புல ஒண்ணு, அப்பத்தான் தண்ணி வேற வரும். இந்த நேரத்துல புதுசா எதையும் சமைக்காதீங்க. காலைல வச்ச குழம்பு, மாவு இருந்தா தோசை, மாவு இல்லன்னா இட்லிக்கடை. நம்ம மதுரைல தெருமுனைக்குத் தெருமுனை இட்லிக்கடை போட்டிருக்குறது பின்ன எதுக்கு, நாலு சட்னியோட வாங்கிட்டு வந்து குடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. பிள்ளைகள குளிப்பாட்டுறத சாயங்காலமே வச்சுக்கிட்டா காலைல ஒரு வேலை குறையும். சின்னதுக்கு ரெண்டு வயசு ஆயிருச்சுன்னா பால்வாடில விடலாம், மதியச் சாப்பாடும் அங்க ஆயிரும், அந்த ரெண்டு மூணு மணி நேரத்துல தூங்குங்க, பாத்திரம் அப்புறம் விளக்கிக்கலாம்.

ராத்திரி காய்ச்சல் அடிச்சா

தனியா இருக்குறவங்க ரொம்பப் பயப்படுறது இதுக்குத்தான், அதுனால இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். பகல்லயே மூணு நம்பர் ரெடியா இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வர்றேன்னு சொன்ன ஒரு ஆட்டோக்கார அண்ணன், பக்கத்துல ராத்திரி டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரி, இன்னொரு பிள்ளைய பாத்துக்குற ஒரு வீடு. மூணாவதுதான் முக்கியம், ஏன்னா ஒண்ணுக்குக் காய்ச்சல்னா தூங்குற இன்னொண்ண என்ன பண்ணுவீங்க? எதிர் வீட்டு ஆச்சிகிட்டயோ அக்காகிட்டயோ வாய் விட்டுக் கேட்டு வச்சுருங்க, "ஒரு அவசரம்னா இவன உங்ககிட்ட விட்டுட்டுப் போவேன்கா"ன்னு. கேக்காம இருந்தாத்தான் அவங்களுக்கு வருத்தம்.

பாராசிட்டமால் சிரப்புல ஒரு விசயம் நல்லாப் பாருங்க. 5 மில்லிக்கு 120, 125 மில்லிகிராம்னும் வருது, 250ன்னும் வருது, டப்பா பாக்க ஒண்ணுபோல இருக்கும். அளவு பிள்ளை எடைய வச்சுத்தான், ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு கணக்கு. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம் வரும், அது 120 சிரப்புல ஏழரை மில்லி, 250 சிரப்புல மூணரை மில்லிக்கு கொஞ்சம் மேல. பழைய ஞாபகத்துல 250 சிரப்ப ஏழரை மில்லி ஊத்துனா டபுள் டோஸ். அடுத்த தடவை பிள்ளை டாக்டர்கிட்ட போறப்ப எடை போட்டு, உங்க வீட்டுல இருக்குற பாட்டிலையே காட்டி, எத்தனை மில்லின்னு அந்த பாட்டில் மேலயே மார்க்கர்ல எழுதி வச்சுக்கிருங்க. ஒரு டோஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நாலுல இருந்து ஆறு மணி நேரம் விடணும், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேணாம். குடுத்த நேரத்த காலண்டர் தாளுல எழுதுங்க, ராத்திரி தூக்கத்துல குடுத்தோமா இல்லையான்னே தெரியாது, கேட்டுக்க பக்கத்துல இன்னொரு ஆளும் இல்ல.

மூணு மாசத்துக்குள்ள இருக்குற கைக்குழந்தைக்குக் காய்ச்சல்னா சிரப்பெல்லாம் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரும், பாக்க உயிரே போயிரும், ஆனா கைல இரும்புச் சாவி குடுக்காதீங்க, வாய்ல ஸ்பூன் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, தரைல ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு மணியப் பாருங்க. அஞ்சு நிமிசம் தாண்டுனா உடனே 108. சீக்கிரம் நின்னாலும் முதல் தடவைன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். ஐப்பசி, கார்த்திகை மழைல டெங்கு சீசன், அப்ப டாக்டர் சொல்லாம இபுப்ரோஃபென்ங்குற காய்ச்சல் மருந்தத் தொடாதீங்க, காய்ச்சல் விட்டுருச்சுன்னு நிம்மதியா இருக்குற நாள்லதான் டெங்குல ஆபத்து, பிள்ளை வயித்து வலிங்குது, வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கு, சோந்து கிடக்கு, ஒண்ணுக்குப் போகல, பல்லு ஈறுல ரத்தம்னா காத்திருக்கக் கூடாது. கோரிப்பாளையத்துல பெரிய ஆஸ்பத்திரி எந்நேரமும் தொறந்துதான் இருக்கு, வரிசை, கூட்டம்னு யோசிக்காதீங்க. பேதின்னா ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்ட முழு ஒரு லிட்டர் தண்ணில கரைக்கணும், ஒரு டம்ளர்ல பாதி பாக்கெட் போடுறது தப்பு.

அப்பத்தா "பயந்திருக்கும், மந்திரிச்சுட்டு வருவோம்"னு சொன்னா போயிட்டு வாங்க, தர்காவுல ஓதித் தண்ணி தெளிச்சா பிள்ளைக்கும் ஒரு தெம்பு, நமக்கும் ஒரு தெம்பு. மருந்த மட்டும் நிறுத்தாதீங்க. தடுப்பூசி புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துல போடுவாங்க, ஒன்பது மாச ஊசி ஞாபகம் இருக்கும், ஒன்றரை வயசு ஊசியும் அஞ்சு வயசு ஊசியும்தான் மறந்து போகுறது.

கதவு, தாழ்ப்பா, நம்ம உடம்பு

ரெண்டு பேரு இருக்குற வீட்டுல சின்ன விசயமா இருக்குறது ஒத்த ஆளு வீட்டுல பெரிய வம்பு. மொட்டை மாடியில துணி காயப் போட நீங்க போயிருப்பீங்க, உள்ள இருந்து ரெண்டு வயசு வாண்டு கீழ்த் தாழ்ப்பாள போட்டுட்டு தொறக்கத் தெரியாம அழுவான், உங்க போனும் உள்ள இருக்கும், அடுப்பும் எரியும். கீழ்த் தாழ்ப்பாள எல்லாம் கழட்டிருங்க, பாத்ரூம் உள் தாழ்ப்பாளையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்துக்கு ஏத்துங்க, ஒரு சாவி பக்கத்து வீட்டுல இருக்கட்டும், மாடிக்குப் போனா போனோட போங்க.

நமக்கே தலை சுத்தி விழுந்துட்டா? நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரே ஒரு விசயம் பழக்கலாம், அம்மா எந்திரிக்கலன்னா எதிர் வீட்டுக்குப் போயி கூப்பிடணும்னு. விளையாட்டா ரெண்டு மூணு தடவை நடிச்சுக் காட்டுங்க, பிடிச்சுக்கும். கேஸ்காரரு, கூரியர்னு யாரு வந்து அப்பா எங்கன்னு கேட்டாலும் "அப்பா வேலைக்குப் போயிருக்காங்க"ன்னு மட்டும் சொல்லணும்னும் பழக்குங்க, அது பொய்யும் இல்ல.

ராத்திரி பிள்ளைங்க தூங்குனப்புறம் காரணமே இல்லாம அழுகை வருது, சோறு இறங்கல, பிள்ளைகளப் பாத்தா எரிச்சலாவே இருக்குன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா அது சும்மா விடுற விசயம் இல்ல, 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. அம்மாச்சி வீட்டுல போயி நாலு நாள் இருந்துட்டு வாங்க. "புருஷன் இல்லாதப்ப அங்கிட்டும் இங்கிட்டும் போறா"ன்னு பேசுற வாயி நம்ம பிள்ளைக்கு ஒருநாள் சோறு ஊட்ட வராது.

மாமியார் வீட்டோட இருந்தா ஒரு பலம், ஒரு பஞ்சாயத்து. அப்பா இல்லாத பிள்ளைன்னு கேட்டதெல்லாம் வாங்கிக் குடுப்பாங்க, ஆறு மணிக்கு மேல மிட்டாய், போன்ல கார்ட்டூன். எல்லாத்துக்கும் சண்டை போட முடியாது, நீங்க விட்டுக் குடுக்க முடியாத ரெண்ட மட்டும் எடுத்துக்கிட்டு, அத உங்க வாயால சொல்லாம அவங்க மகன் வாயால சொல்ல வைங்க. "அம்மா, ராத்திரி அவனுக்கு மிட்டாய் குடுக்காதீங்கம்மா, பல்லு போயிரும்"னு அவரு சொன்னா அது பாசம், நம்ம சொன்னா எதுத்துப் பேசுறது. இதுவும் அவருக்கு ஒதுக்குற வேலைதான். தாய்மாமன் இருந்தா வாரத்துல ஒருநாள் பிள்ளைகள வண்டில வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, நேரா போயி ஜிகர்தண்டா குடிச்சுட்டு வந்தாலும் சரி. சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் ரெண்டு சின்னப் பிள்ளைகளோட ஆத்துக்குத் தனியா இறங்காதீங்க, கூடப் போக ஆள் இருந்தாலும் பிள்ளை கைல உங்க நம்பர பேனாவுல எழுதித்தான் கூட்டிட்டுப் போகணும்.

லீவுல வந்தா

ஏர்போர்ட்ல பிள்ளை ஓடிப் போயி கட்டிப்பிடிக்கும்னு நினைச்சுக்கிட்டு வருவாரு, அது உங்க சேலைக்குப் பின்னாடி ஒளியும். ரெண்டு வயசுக்குள்ள இருந்தா அழுகவே அழுகும். தூக்கிக் குடுத்து "அப்பாடா, போ"ன்னு தள்ளாதீங்க, அவருகிட்டயும் கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சுருங்க, ரெண்டு மூணு நாள் தள்ளி உக்காந்து விளையாட்டுச் சாமான எடுத்து வைக்கட்டும், அதுவா வரும். போன்ல பண்ணுன வேலையையே வீட்டுலயும் பண்ணட்டும், பல்லு விளக்குறது, வாய்ப்பாடு, படுக்கைல நரிக் கதை. அந்தப் பழக்கத்த வச்சுத்தான் பிள்ளை ஒட்டும்.

முதல் வாரம் நீங்க போட்ட சட்டம் எல்லாம் உடையும், பத்து மணிக்கு மேல முழிப்பு, தினமும் கடைச் சாப்பாடு. ஒரு வாரம் கண்டுக்காதீங்க, எட்டாவது நாள்ல இருந்து பழையபடி. ஒருநாள் முழுக்க ரெண்டு பிள்ளைகளையும் அவருகிட்ட விட்டுட்டு நீங்க எங்கயாச்சும் போயிட்டு வாங்க, நீங்க இருந்தா எல்லாத்துக்கும் "உங்கம்மாவக் கேளு"தான். திரும்பக் கிளம்புனப்புறம் ரெண்டு வாரம் கொஞ்சம் பின்னுக்குப் போகும், படுக்கைல ஒண்ணுக்குப் போறது, சோறு வேணாம்ங்கிறது, ஸ்கூல்ல அடிச்சுக்கிறது. திட்டாதீங்க, மிஸ்கிட்ட மட்டும் விசயத்தச் சொல்லி வைங்க. அவரு போட்டுக் கழட்டுன சட்டை ஒண்ண துவைக்காம வச்சிருந்து கேட்டா குடுங்க, தூங்கும்போது பிடிச்சுக்கிட்டுத் தூங்கும். மூணு நாலு வாரம் தாண்டியும் சரியாகலன்னா பிள்ளை டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிருங்க.